எந்த மரத்துக்குச் சுண்ணாம்பு

கை நொச்சி மணக்கிறது. காலையில் வேலிப் பக்கம் போனபோது ஒரு கிளையை விலக்கினேன், அவ்வளவுதான். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. பின்னேரமானால் உன் கை இப்படித்தான் மணக்கும். நுளம்புக்குப் புகை போடவென்று நொச்சியை ஒடித்துச் சிரட்டைத் தணலில் போட்டுவிட்டு, அதே கையால் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தருவாய். தேத்தண்ணியும் கொஞ்சம் நொச்சி மணக்கும். ஒருநாளும் நான் அதை உனக்குச் சொன்னதில்லை.

இந்த மணத்தோடு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எழும்புகிறேன், நடக்கிறேன், திரும்ப வந்து இருக்கிறேன். உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டைச் சுற்றிய வளவின் மேற்குப் பாதி இப்போது இல்லை. மண் இருக்கிறது. நீ வைத்த மரங்கள் இல்லை.

தர்சினிதான் தொடங்கினாள். ஒருநாள் தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, நாங்க வாற மாசம் வீட்டோட வந்து இரிக்கப் போறம். டவுணில வாடகை வீட்டில இருந்து என்னத்தக் கண்ட?"

சந்தோசப்பட்டேன். உன் மகள் உன் வீட்டுக்கு வருகிறாள், அதற்கு என்ன குறை? பிறகுதான் மற்றதைச் சொன்னாள்.

"மேற்குப் பக்கத்தத் துப்புரவாக்கி மிளகாயும் பாகலும் போடப் போறம். அவர் சொட்டுநீர்க் குழாயும் வாங்கி வச்சிட்டார். சனிக்கிழமை பெக்கோ மெசின் வரும். நிக்க வேண்டிய மரத்துக்கு நீங்க சுண்ணாம்பு பூசி வையுங்க. பூசாததெல்லாம் போகும்."

"எது நிக்கிற, எது போற எண்டு நானா சொல்லுற?"

"பின்ன ஆர்? உங்களுக்குத்தானே தெரியும்."

அவளுடைய புருசன் பிரதீபன் கட்டாரில் இருந்து திரும்பி வந்த பிறகு ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது உனக்குத் தெரியும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தோட்டம் செய்யப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, வேலை வெட்டி இல்லாத கதை என்றுதான் நினைத்தேன். மண்ணையும் தண்ணீரையும் பார்க்க இருவரும் வந்துபோனபோதுகூட இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வளவு உனக்குச் சீதனமாக வந்தது. உனக்குப் பிறகு அது அவளுடையது. இடையில் நான் யார்? வாவிக்கு அங்கால் இருந்து வந்து இத்தனை வருசம் தங்கிவிட்ட மாப்பிள்ளை. வெட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வெறும் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தேன். ஒரு பழைய தூரிகையை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன்.

தென்னைகளுக்கு முதலில் பூசினேன். அது சுலபம் என்று நினைத்தேன். ஆனால் நீ போன பிறகு தென்னைகளுக்கு வெண் ஈ வந்துவிட்டது. ஓலையின் அடியில் மாவு தூவியதுபோல வெள்ளை, மேலே கரி பூசியதுபோலக் கறுப்பு. குரும்பை கொட்டுகிறது. நம் ஊர் தேற்றாத்தீவு முழுக்க இதே கதைதான். கலந்து வைத்த வளவுக்கு நோய் வராது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே, வந்ததடி. தென்னந்தோட்டக்காரனுக்கும் வந்தது, நமக்கும் வந்தது. அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பைப் பூசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன். அது விளாத்தி. பூசுவதா விடுவதா? நின்றேன். பிறகு மாதுளைக்குப் போனேன். அங்கேயும் நின்றேன். வெயில் உச்சிக்கு வந்தது. வாளியில் சுண்ணாம்பு காயத் தொடங்கியது.

உன் வளவை முதன்முதல் பார்த்த காலை நினைவுக்கு வந்தது. கலியாணத்துக்கு அடுத்த நாள், பல்லுத் தீட்ட வெளியே வந்து நின்றேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எங்கள் வயல் வட்டையில் நின்றால் கண் போகும் மட்டும் ஒரே நெற்பயிர். எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், காற்று வந்தால் ஒரே பக்கம் சாயும். இங்கே முருங்கையில் கொவ்வை ஏறியிருந்தது. கறிவேப்பிலை நிழலில் வல்லாரை, வாழைக்கு நடுவில் மரவள்ளி, மாதுளையோடு ஒட்டிக்கொண்டு அன்னமுன்னா. கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ரம்பையும் சேம்பும். வேலி எங்கே என்று பார்த்தால் அதுவும் பூவரசும் நொச்சியும் ஆடாதோடையுமாகத் தழைத்து நின்றது. கால் வைக்க இடம் தேடினேன்.

"இதென்ன காடா?" என்றேன்.

புதுப் பெண்சாதி பயப்படுவாள் என்று நினைத்தேன். நீ வாளியைக் கிணற்றுக்குள் விட்டபடியே சொன்னாய்: "காடெண்டா காடுதான். பசிச்சா இந்தக் காட்டுக்குத்தான் வருவீங்க."

"எங்கட வட்டையைப் பார்த்தாத் தெரியும், வெள்ளாமை எண்டா என்ன எண்டு."

"உங்கட வட்டையில எல்லாரும் ஒரே நாளில பிறந்து ஒரே நாளில சாகிற. இஞ்ச அப்பிடி இல்ல."

அந்தப் பேச்சு நம்மிடையே ஒருபோதும் முடியவில்லை. அக்கரையில் வெள்ளாமை முடிந்து கையில் வேலை இல்லாத மாதங்களில் எனக்கு இந்த மண்ணில் எதையாவது வரிசையாக வைக்க வேண்டும்போல இருக்கும். ஒருமுறை கிணற்றுக்கு வடக்கே நிலத்தைக் கொத்திச் சுத்தமாக்கி மிளகாய்க் கன்று வைத்தேன். கயிறு கட்டி, நேர்வரிசையில். நீ பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாய். ஒரு மாதத்தில் என் வரிசைகளுக்கு நடுவில் பூசணி படரத் தொடங்கியது. நீதான் விதை போட்டிருந்தாய். இடம் சும்மா கிடக்கிறதே என்று போட்டாயாம். பூசணி மிளகாய்க்கு மேலே ஏறி மூடிவிட்டது. மிளகாயும் இல்லை, நிழல் கூடியதால் பூசணியிலும் காய் இல்லை. நான் கோபத்தில் சோறு தின்னாமல் இருந்தேன். நீ தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பூசணி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாய். நீ பிழையை ஒத்துக்கொண்டதாக எனக்கு நினைவிருக்கிற ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

ஈரப்பலாவுக்காவது ஒத்துக்கொண்டிருக்கலாம். குசினியோடு ஒட்டி வளர்ந்த மரத்தை வெட்டச் சொல்லி எத்தனை முறை சொன்னேன்! வேர் சுவருக்குள் போகிறது, கொப்பு கூரைக்கு மேல் வருகிறது என்றேன். "காய்க்கிற மரத்த ஆரும் வெட்டுவாங்களா?" என்றாய். ஒரு கச்சான் காற்றில் அது விழுந்தது. குசினிக் கூரை உடைந்து, உன் சட்டி பானைகளின்மேல் ஓடும் காயும் இலையுமாகக் கிடந்தது. நீ உள்ளே இல்லாததுதான் அதிர்ஷ்டம். தறப்பாளைக் கட்டிக்கொண்டு அதன் கீழே சமைத்தோம். நான் உன்னை நல்லாக ஏசினேன். ஆனால் விழுந்த மரத்தின் வேரில் இருந்து கன்று வெடித்தபோது அதையும் அங்கேயே விட்டாய். அதே இடத்தில்! அது இன்றைக்குக் கூரையைத் தாண்டி நிற்கிறது. தர்சினி புது அறை கட்டப்போவதும் அந்தப் பக்கம்தான். சுண்ணாம்பு வாளியோடு அதன் அடியில் நின்று உன்னைக் கேட்டேன், ஏன் விட்டாய் என்று. மரம் மரமாக இப்படித்தான் கேட்டுக்கொண்டு போனேன். எது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எதற்காக அங்கே நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. நீ சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. சண்டையில் வழி மூடிக் கிடந்த காலத்தில், அக்கரை நெல் இக்கரைக்கு வராமல் நின்றபோது, மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் முருங்கையிலையும்தான் நம்மைக் காப்பாற்றின. தர்சினி கைக்குழந்தை. பால்மா கிடையாது. முருங்கைக்கீரையும் பப்பாசிக்காயும் தின்றுதான் நீ அவளுக்குப் பால் கொடுத்தாய். நான் அப்போது வாய் திறக்கவில்லை. நீயும் சொல்லிக்காட்டவில்லை.

கடல் ஊருக்குள் வந்த வருசத்தைப் பற்றி நாம் பிறகு அதிகம் பேசியதில்லை. அன்றைக்கு நாம் மூவரும் அக்கரையில் என் அக்கா வீட்டில் இருந்தோம். அதனால்தான் உயிரோடு இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர்கள் நின்றன. வேலி இல்லை. நீ நேரே கிணற்றடிக்குப் போனாய். வாளியில் அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாய். "கடல்தான்," என்றாய்.

அலை அடித்து விழுத்திய மரங்களைப் பார்த்து நீ அழவில்லை. நின்றுகொண்டே செத்தவைதான் உன்னை அழவைத்தன. முதலில் பப்பாசி, பிறகு வாழை, பிறகு தேசி. இலையின் ஓரம் கருகும், அந்தக் கருகல் நடுவுக்கு வரும், பிறகு ஒருநாள் எல்லாம் கொட்டும். நீ ஒவ்வொரு காலையும் போய்த் தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பாய், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அக்கரைக்கே போவம். அக்காட வளவில ஒரு துண்டு தருவா. இந்த உப்பு மண்ணில இருந்து என்ன செய்யிற?"

"உப்பு எத்தினை நாளைக்கு இரிக்கும்? மாரி பெய்யட்டும்."

"பெஞ்சும் போகாட்டி?"

"மறுகா பாப்பம். நீங்க போறதெண்டாப் போங்க."

நான் போகவில்லை. போயிருப்பேன் என்று நீ நினைத்தாயோ என்னவோ. கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றினோம். அது சரியோ பிழையோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை, இறைத்தோம். மாரி வந்தது, போனது. இன்னொன்று வந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கு வந்தது. அப்போதுதான் ஏறாவூர் ஆசியா ராத்தா படலையைத் திறந்துகொண்டு வந்தா.

சாரன் விற்க வருகிற மனுசி. அவவின் புருசன் தறியில் நெய்வதைத் தலையில் சுமந்துகொண்டு பஸ் ஏறி ஊர் ஊராக வருவா. நீ சாரனைப் பார்ப்பதற்கு முன்னே இரண்டு பேரும் வளவுக்குள் இறங்கிவிடுவீர்கள். போகும்போது அவவின் மூட்டையில் ஏதாவது ஒரு தடியும் கிழங்கும் இருக்கும். அன்றைக்கு அவ மூட்டையை அவிழ்த்தபோது சாரன் ஒன்றும் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றின தண்டுகள். முல்லை, மாதுளை, தூதுவளை, வெற்றிலைக்கொடி, வாழைக் குட்டிகள்.

"என்ன ராத்தா இதெல்லாம்?" என்று கேட்டாய்.

"எல்லாம் நீ தந்ததுதான்கா. எங்களுக்கு வட்டி ஹராம். அதால தந்தத மட்டும் கொண்டு வந்திரிக்கன்."

நீ சிரித்தாய். கடல் வந்த பிறகு உன் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த வாரம் நான் அக்கரைக்குப் போய், அக்காவின் வளவில் நீ முன்பு வைத்த தேசியில் பதியம் போட்டு, வேர் விட்டதும் வெட்டிக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லாமலே போனேன். இப்படித்தான் இந்த வளவு இரண்டாம் தரம் முளைத்தது.

போன மாரிக்கு முன்னர் நீ போனாய். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நடந்து திரும்பி வரவில்லை. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு இந்த வளவில் நடந்தது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒருவரும் வரவில்லை. நீ இருந்தபோது காலையில் படலை சும்மா இருந்ததில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு கை முருங்கையிலை, இருமலுக்கு ஆடாதோடை, சுவாமிக்குச் செவ்வரத்தை என்று யாராவது வந்து நிற்பார்கள். பெண்சாதி இல்லாத ஆண்பிள்ளை தனியாக இருக்கிற வளவுக்குள் பெண்கள் எப்படி வருவார்கள்? அவர்கள்மேல் குறை இல்லை. ஆனால் பறிக்க ஆள் இல்லாமல் கீரையெல்லாம் முற்றியது. முசுட்டை வேலியைத் தாண்டி வீதிக்குப் போனது. முருங்கையிலை பழுத்துத் தானே கொட்டியது. வளவு உன் கையால் மட்டும் நின்றது என்று நினைத்திருந்தேன். பறித்த கைகளாலும் நின்றிருக்கிறது. நான் கட்டுக் கட்டாக ஒடித்துப் படலையில் தொங்கவிட்டேன். சிலர் எடுத்தார்கள். சில நாள் அப்படியே வாடிக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் ஒடித்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தர்சினியும் பிரதீபனும் வந்து இறங்கினார்கள். தென்னைகளைத் தவிர ஒரு மரத்திலும் சுண்ணாம்பு இல்லை. அவள் வளவைச் சுற்றிப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு மெசின் வருது."

"தெரியும் புள்ள."

"ஒண்டுக்கும் பூசல்லயே?"

"எதுக்குப் பூசுற? எல்லாம் உன்ட அம்மா வச்சது. நான் எதக் காட்டுவன் வெட்டச் சொல்லி?"

பிரதீபன் மெல்ல, "மாமா, உங்களுக்குக் கஷ்டமெண்டா பிறகு பாப்பம். மெசினுக்கு நான் சொல்லிறன்," என்றான். நல்ல பிள்ளை. தர்சினி விடவில்லை. வாசற்படியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில வச்சே எனக்குச் சொல்லிட்டா. உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டவ. எண்டாலும் சொல்லுறன்."

"என்ன சொன்னவ?"

"'கொப்பாவக் கேளாத புள்ள. அவர் ஒண்டையும் வெட்ட விடமாட்டார். உனக்குத் தேவையானத நீ வெட்டு,' எண்டா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கூட்டிச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

"நானா? நானா வெட்ட விடமாட்டன்? இந்த வளவில ஒரு கொப்ப வெட்டுறதுக்கு உன்ட அம்மாவோட நான் பட்ட பாடு…"

"ஓம். அதையும் சொன்னா. சொல்லிச் சிரிச்சா." தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மம்மாட காலத்தில இஞ்ச பெரிய புளி ஒண்டு நிண்டதாமே? புளி நிண்டா அடியில ஒண்டும் வராதெண்டு அம்மாதான் ஆள் பிடிச்சு வெட்டினதாம், கலியாணத்துக்கு முதல். அம்மம்மா கனகாலம் அம்மாவோட பேசல்லயாம். 'எண்ட அம்மாட மரத்த வெட்டித்தான் நான் எண்ட வளவ உண்டாக்கின. நீயும் உன்ட வளவ உண்டாக்கு. எண்டாலும் வெறுமனே போடாத. வெட்டின இடத்தில வேற ஒண்டு நிக்கோணும்,' எண்டா."

கிணற்றுக்குத் தெற்கே ஒரு பெரிய அடிக்கட்டை கிடந்தது. நான் வந்த முதல் வருசம் அதில்தான் கன்றுக்குட்டியைக் கட்டுவேன். அது எந்த மரத்தின் கட்டை, யார் வெட்டினார்கள் என்று நான் கேட்டதே இல்லை. உக்கி மண்ணோடு மண்ணான பிறகு அதை மறந்தும் போனேன். ஆதியில் இருந்தே அப்படி நின்ற காடு என்று நான் நினைத்த வளவு, எனக்குக் கொஞ்சம் முன்னர்தான் நீ தொடங்கியது என்று இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னோடு ஒரு கொப்புக்கு மல்லுக்கட்டியவள், அவளுக்கு மட்டும் முழுவதையும் விட்டுக் கொடுத்திருக்கிறாய். எழும்பி வாவிக் கரைவரைக்கும் நடந்தேன். எதிர்க்கரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே போய் அக்கா வீட்டில் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு, நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று யாரிடம் சொல்வது? திரும்பி வந்தேன்.

சுண்ணாம்பைத் திரும்பக் கரைத்தேன். எனக்குக் காரணம் தெரிந்த மரங்களுக்கு மட்டும் பூசினேன். அக்கரையில் இருந்து நான் கொண்டுவந்த தேசிக்கு. ஆசியா ராத்தா தந்த மாதுளைக்கு. நம்மைப் பசியில் இருந்து காப்பாற்றிய முருங்கையின் மகள் மரத்துக்கு. பிறகு தூரிகையைத் தர்சினியிடம் கொடுத்தேன். அவள் கொய்யாவுக்குப் பூசினாள். சின்ன வயதில் அதில் இருந்து விழுந்துதானே கை முறிந்தாள், அதற்காகவாம். வேலியோரம் நின்ற நாவலுக்குப் பூசினாள். ஏன் என்று கேட்டேன். சொல்லாமல் பிரதீபனைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தெரியாத காரணங்கள் அவளிடம் இருந்தன. ஈரப்பலாவுக்குப் போனபோது நான் குறுக்கே நின்றேன்.

"இது போகட்டும் புள்ள. ஒருக்கா விழுந்த மரம்."

"நிக்கட்டும் அப்பா. அறையக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவம்."

"விழும்."

"விழுந்தாப் பாப்பம்," என்று பூசினாள். அந்த நேரம் அவள் நின்ற நிலை உன் நிலை. நான் வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அன்று பின்னேரம் அவள் ஒழுங்கையில் இறங்கி வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். நாளைக்கு வெட்டப்போகிறோம், வேண்டியதை வந்து எடுங்கள் என்று. உன் செத்தவீட்டுக்குப் பிறகு வளவுக்குள் வராத பெண்கள் அத்தனை பேரும் கத்தியும் பையுமாக வந்தார்கள். சத்தமும் சிரிப்பும். "இது அக்காட செவ்வரத்தை, எனக்கு," "நீ ஏற்கனவே கொண்டு போனதான," என்று இழுபறி. போகப்போகிற மரங்களில் இருந்து தண்டு, கன்று, விதை, கிழங்கு என்று எல்லாம் படலையால் வெளியே போனது. ஒரு பெண் என்னிடம் வந்து, "அத்தான், அக்கா இருந்திருந்தா இப்பிடித்தான் செய்திருப்பா," என்றாள். எனக்கு அது சரி என்று தோன்றவில்லை. நீ இருந்திருந்தால் இந்த மெசின் வந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் மெசின் வந்தது. பிரதீபன், "மாமா, நீங்க உள்ள போய் இருங்க," என்றான். நான் நின்றேன். அன்னமுன்னா ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்தது. கிழட்டு மாமரம் கொஞ்சம் நின்று பார்த்தது. வேர் அறுகிற சத்தம் கேட்டது. நொச்சியில் பாதி போனது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேற்குப் பக்கத்தில் வெயில் விழுந்தது. கடல் வந்த வருசத்துக்குப் பிறகு அந்த மண்ணில் வெயிலை நான் பார்த்ததில்லை. கண் கூசியது. அன்றைக்கு முழுவதும் அந்தப் பக்கம் போகாமல் கிழக்குப் பக்கத்திலேயே சுற்றினேன்.

இப்போது மிளகாய்க் கன்று வேர் பிடித்துவிட்டது. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகிறது. முதல் மழைக்கு அந்த வெறும் மண்ணில் நாங்கள் போடாத எத்தனையோ முளைத்தன. எத்தனை வருசம் மண்ணுக்குள் கிடந்த விதைகளோ! தர்சினி காலையில் குந்தியிருந்து அவற்றைப் பிடுங்குகிறாள். எல்லாவற்றையும் அல்ல. வரிசை முடிகிற இடத்தில் ஒரு குப்பைமேனியை விட்டிருக்கிறாள். ஒரு பிரண்டைக்குத் தடி நட்டிருக்கிறாள். பிரதீபன் ஏன் என்று கேட்டதற்கு, "இடம் இருக்கே," என்றாள். வரிசை கெடுகிறது என்று அவன் முணுமுணுத்தான். அவன் பக்கம் எனக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது.

எனக்கு அறை மாறவில்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை. பேசுவதற்கு ஆள் இருக்கிறது. இருந்தும் இருப்புக் கொள்ளவில்லை. நீ இல்லாததால்தான் இப்படி என்று நினைத்தேன். அப்படி மட்டும் இல்லைப் போல. நீயும் ஒரு இடத்தில் இருந்தவள் இல்லையே. வளவு முடிந்துவிட்டது என்று ஒருநாளும் நீ சொல்லவில்லை. எதையாவது பிடுங்கி வேறு இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தாய். உன்னிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அலைச்சல்தான் என்று நினைக்கிறேன்.

வெட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம், பெண்கள் வந்தபோது, ஆசியா ராத்தாவும் பேரனின் ஓட்டோவில் வந்திருந்தா. இப்போது சாரன் சுமப்பதில்லை, நடக்கவும் ஏலாது. ஓட்டோவுக்குள் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, எல்லாரும் கொண்டு போறாங்க. நான் தரவெல்லோ வந்த," என்று ஒரு பால்மா டின்னை நீட்டினா. அதில் கீறல்போல ஒரு முளை. மகன் மக்காவில் இருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தின் விதையாம்.

"காய்க்குமா ராத்தா?"

"ஆணா பெண்ணா எண்டே வருசக்கணக்கில தெரியாது. ஆணெண்டாக் காய்க்கா. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வச்சிட்டுப் போவம்."

உன் வளவில் ஒருநாளும் இல்லாத ஒன்று. நீ தொட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. நானாக ஒரு மரக்கன்றுக்கு இந்த வளவில் இடம் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. கிணற்றடியில் வைத்துப் பார்த்தேன், ஈரம் கூடிப்போனது. கடற்பக்க வேலியோரம் வைத்தேன், ஆடு கடிக்கும். தர்சினியைக் கேட்டால், "உங்கட இஷ்டம் அப்பா," என்கிறாள். நேற்று வைத்த இடத்தில் இருந்து இன்று காலை திரும்பத் தூக்கிவிட்டேன். அந்த டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, உனக்கு இதைச் சொன்னபடியே வளவெல்லாம் நடந்துகொண்டிருக்கிறேன்.